உடைந்து இறுகிப்போன எக்ஸாஸ்ட் ஸ்டட், அலுமினிய ஹெட்: மரை கெடாமல் எடுப்பது எப்படி?

காட்பாடி800

எல்லாருக்கும் வணக்கம். பழைய மாருதி 800, கார்புரேட்டர் மாடல். பல வருஷமா ஓடாம ஷெட்டுல நின்ன வண்டி. இன்ஜின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மேசைமேல வெச்சிருக்கேன். மூணு இடத்துல சிக்கல்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகை வெளியேறுற குழாய்) ஹெட்டோட பிடிக்கிற ஸ்டட் (தலையில்லாத, ரெண்டு முனையிலும் மரை உள்ள போல்ட்) ரெண்டு உடைஞ்சிருக்கு. எம்8 (8 மி.மீ. விட்டம்), மரை இடைவெளி 1.25 மி.மீ., கேஜ் வெச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணு 6 மி.மீ. அளவுக்கு வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. இன்னொண்ணு மட்டத்துக்குக் கீழே 2 மி.மீ. உள்ளே உடைஞ்சிருக்கு. அதுல ஏற்கெனவே யாரோ டிரில் போட்டிருக்காங்க. துளை நடுவுல இல்ல, ஒரு பக்கமா ஒதுங்கி அலுமினியத்தை லேசா உரசியிருக்கு. மூணாவது, தெர்மோஸ்டாட் மூடி போல்ட். உடையல, ஆனா தலை முனை மழுங்கி ஸ்பேனர் வழுக்குது. சுத்திலும் வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கு.

கையில் இருக்கிறது: டிரில் மெஷின், ஹாட் ஏர் கன், ஈஸி அவுட் செட் (உடைஞ்ச போல்ட்டுல துளை போட்டு உள்ளே விட்டுத் திருகி எடுக்கிற கருவி), எம்8 டேப் (மரை வெட்டுற கருவி) மூணு, சின்ன ஆர்க் வெல்டிங் மெஷின். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே மூணு நாளா அடிச்சிட்டு இருக்கேன், அசையல. வேலூர் பக்கம் எந்த மாதிரி பட்டறைக்குக் கொண்டு போகலாம், எது வரைக்கும் வீட்டிலேயே செய்யலாம்னு சொல்லுங்க.

---

சிப்காட்_டர்னர்

தம்பி, முதல் வேலையா அந்த ஈஸி அவுட் செட்டை ஓரமா வைங்க. இந்த மூணு இடத்துக்குமே அது வேண்டாம்.

காரணம் கணக்குல இருக்கு. எம்8, 8.8 தர (போல்ட்டோட பலத்தைக் குறிக்கிற எண்) ஸ்டட் முறுக்குல உடைய சுமார் 33 நியூட்டன் மீட்டர் போதும். 25 செ.மீ. ரிங் ஸ்பேனர் நுனியில 14, 15 கிலோ இழுத்தாலே வந்துடும். முழு ஸ்டட்டே அந்த விசைக்குத் திரும்பாம உடைஞ்சிருக்கு. இப்போ அதுக்குள்ள 4 மி.மீ. துளை போட்டு அதுல ஈஸி அவுட்டை விட்டுத் திருகினா, திருகுறது 4 மி.மீ. கம்பி. முறுக்குத் தாங்குற பலம் விட்டத்தின் முப்படியில போகும். விட்டம் பாதியானா பலம் எட்டுல ஒண்ணு. ஈஸி அவுட் கெட்டியான எஃகுதான், அதனால கொஞ்சம் கூடுதலா தாங்கும். ஆனா எட்டு மடங்கு ஈடு கட்டாது. அதோட அது கூம்பு வடிவம். உள்ளே போகப் போக ஸ்டட்டின் சுவரை வெளிப்பக்கம் தள்ளி மரையை இன்னும் இறுக்கும். உடைஞ்சு உள்ளே தங்கிட்டா சாதா டிரில் பிட் அதுமேல ஏறவே ஏறாது. அரை நாள் வேலை அதோட தலைவலி வேலையா மாறிடும். ஈஸி அவுட், துருப்பிடிக்காம வெறுமனே தலை அறுந்த போல்ட்டுக்கு நல்ல சாமான். இறுகினதுக்கு அது ஆகாது.

6 மி.மீ. நீட்டிக்கிட்டு நிக்கிற ஸ்டட்டை முதல்ல எடுத்துக்குங்க. ரெண்டு நட்டைப் போட்டு ஒண்ணோட ஒண்ணு இறுக்கித் திருகுற முறைக்கு இடம் பத்தாது; ஒரு எம்8 நட்டே ஆறரை மி.மீ. உயரம். வைஸ் கிரிப் போட்டா மரை நசுங்கி வழுக்கும். நட் வெல்டிங்தான் சரி.

எம்10 கறுப்பு நட் ஒண்ணு வாங்குங்க. வெள்ளைப் பூச்சு போட்ட நட் வேண்டாம். துத்தநாகப் புகை நெஞ்சைப் பிடிக்கும், வெல்டிங்கும் பொத்தல் பொத்தலா வரும். அதுதான் கிடைச்சதுன்னா பூச்சை முழுக்கக் கிரைண்டர்ல சுரண்டிடுங்க. ஸ்டட் எம்8தானே, ஏன் எம்10 நட்னா, ராடு நுனி உள்ளே அடி வரைக்கும் போய் ஸ்டட்டைத் தொட இடம் வேணும். நட்டுக்கு அடியில ஸ்டட் நுழையற அளவு ஓட்டை உள்ள வாஷர் ஒண்ணு வெச்சா ஹெட் முகம் பாதுகாப்பா இருக்கும். பக்கத்துல மெஷினிங் பண்ணின முகம் எல்லாத்தையும் ஈரத் துணி போட்டு மூடுங்க. தெறிக்கிற பொட்டு ஒட்டினா கேஸ்கட் உட்காராது.

2.5 மி.மீ. ராடு, 80 ஆம்பியர் சுமாருக்கு வெச்சு, ஸ்டட் நடுவுல ஆரம்பிச்சு வெளியே சுத்திக்கிட்டு வந்து நட்டை நிரப்புங்க. வெல்டிங்குக்கு முன்னாடி அந்த ஸ்பிரே எண்ணெயைத் துடைச்சு எடுத்துடணும். பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்கவே கூடாது. அதுல குளோரின் கலந்த வகை இருக்கு, ஆர்க் சூட்டுல அது விஷ வாயுவா மாறும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ஞ்ச பிறகு.

வெல்டு சிவப்பு அடங்கி கறுத்ததும் மெழுகுவத்தியை ஸ்டட் அடியில தொடுங்க. உருகி மரைக்குள்ள இழுத்துக்கும். பிறகு ஸ்பேனர் போட்டு முதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல், அப்புறம் கழற்றுற பக்கம் ஒரு நூல். கீச்சுன்னு சத்தம் வந்தா பிடி விட்டுடுச்சுன்னு அர்த்தம். அப்போ ஆசைப்பட்டு ஒரே இழுப்பா இழுக்கக் கூடாது. கால் சுத்து வெளியே, அரைக்கால் சுத்து உள்ளே, நடுவுல எண்ணெய். வெளியே வர்ற தூள் வெள்ளையா இருக்கும். அது மரையில சிக்கிட்டா அலுமினிய மரையை வழிச்சிக்கிட்டு வந்துடும்.

வெல்டு பிய்ஞ்சு நட் மட்டும் கையோட வந்தா கவலைப்படாதீங்க. திரும்ப ஒரு நட் வெச்சு வெல்டு பண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் ஸ்டட் சூடாகி ஆறும்போது பிடி கொஞ்சம் கொஞ்சமா தளரும். மூணாவது நாலாவது நட்டுல வர்றது சகஜம்.

மட்டத்துக்குக் கீழே இருக்கிறதைப் பத்தி தனியா எழுதுறேன். அதுல டிரில்லை மட்டும் இப்போதைக்குத் தொடாதீங்க.

---

பாலாற்றங்கரை

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஏன் ஸ்பிரே வேலை செய்யலைங்கிறதை மட்டும் சேர்க்கிறேன். காரணம் தெரிஞ்சா எந்த முறை எங்கே செல்லும்னு தானே புரியும்.

இரும்புல இரும்பு துருப்பிடிச்சா துரு உதிரும் தன்மையா இருக்கும், இடுக்குல எண்ணெய் இறங்கும். அலுமினியத்துக்குள்ள எஃகு போல்ட் இருந்து ஈரமும் உப்பும் சேர்ந்தா அரிக்கப்படுறது அலுமினியம். அந்த வெள்ளை மாவு அலுமினிய ஆக்சைடும் ஹைட்ராக்சைடும். அது தின்ன உலோகத்தை விட அதிக இடம் பிடிக்கும், மரை இடுக்கு முழுக்க அடைச்சு கெட்டியா உறைஞ்சிடும். எண்ணெய் இறங்க வழியே இருக்காது. மூணு நாள் இல்ல, மூணு மாசம் அடிச்சாலும் மேல் ரெண்டு மரைதான் நனையும்.

நம்ம ஊர் பக்கம் இது அதிகமா வர்றதுக்குக் காரணம் தண்ணி. ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாறு ஓரமா தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 1996ல உச்ச நீதிமன்றமே அதுமேல தீர்ப்பு சொன்னது. அந்த உப்புத் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தினா குளோரைடு நேரா அலுமினியத்தைத்தான் பிடிக்கும். தெர்மோஸ்டாட் மூடி, தண்ணி பம்ப், ஹெட் பக்கத்து ஹோஸ் குழாய், இந்த மூணு இடமும் முதல்ல பூக்கும்.

சூடு ஏன் வேலை செய்யுதுன்னா, அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் எஃகை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். ஹெட்டை 30 டிகிரியிலிருந்து 150க்குக் கொண்டு போனா 8 மி.மீ. துளை 0.022 மி.மீ. பெரிசாகும், போல்ட் 0.011 தான். ஒரு மி.மீ.ல நூறுல ஒரு பங்கு இடைவெளி கிடைக்கும். கேட்கச் சின்னது, ஆனா உறைஞ்ச ஆக்சைடுல விரிசல் விழ அது போதும்.

தம்பி, உங்க ஹாட் ஏர் கன்னால போல்ட்டைச் சூடாக்காதீங்க, போல்ட்டைச் சுத்தியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்க. ஹெட் பெரிசு, சூட்டை இழுத்துக்கிட்டே இருக்கும். கல் மேலயோ மரக்கட்டை மேலயோ வெச்சு, மூணு பக்கமும் தகரம் மறைச்சு, இருபது நிமிஷமாவது காட்டுங்க. முன்னாடியே வால்வு சீல் எல்லாம் எடுத்துடணும், ரப்பர் கருகிடும். தண்ணி தெளிச்சா விழுந்த உடனே பொரிஞ்சு காயணும். அதுக்கு மேல போக வேண்டாம். 200 டிகிரி தாண்டி ரொம்ப நேரம் வெச்சா வார்ப்போட கெட்டித்தன்மை குறையும். கேஸ் வெல்டிங் ஜ்வாலையை அலுமினியத்துமேல காட்டவே கூடாது. இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. பார்க்க அப்படியே இருக்கும், திடீர்னு ஒரு மூலை இடிஞ்சு விழும்.

இந்தச் சூட்டோட சிப்காட் அண்ணன் சொன்ன நட் வெல்டிங்கைச் சேருங்க. ஹெட் சூடா இருக்க, போல்ட்டுக்கு வெல்டிங் அதிர்ச்சி. ரெண்டும் சேர்ந்தா பெரும்பாலும் வந்துடும்.

தெர்மோஸ்டாட் மூடி போல்ட்டுக்கு: தலை இன்னும் இருக்குங்கிறது பெரிய வசதி. முதல்ல தலை மேல சப்பையா ஒரு பஞ்ச் வெச்சு அரை கிலோ சுத்தியலால பத்துப் பதினைஞ்சு அடி, நேரா, மிதமா. உறைஞ்ச மாவு நொறுங்க இது நல்ல வழி, ஸ்பிரேயை விட நல்லது. பிறகு ஒரு அளவு சின்ன ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரை தலைமேல அடிச்சு ஏத்துங்க. 12 தலைன்னா 11, அதுவும் லூஸ்னா அங்குல அளவுகளையும் போட்டுப் பாருங்க. பன்னிரண்டு முனை ஸ்பேனர் வேண்டாம், மிச்சம் இருக்கிற முனையையும் சீவிடும். சூடு காட்டி, முன்னும் பின்னும். அப்படியும் வரலைன்னா தலையை டிரில் போட்டு எடுத்துட்டு மூடியைக் கழற்றுங்க. தலை போனதும் இழுவிசை போயிடும், பாதி இறுக்கம் தலைக்கு அடியில இருந்ததுதான். நீட்டிக்கிட்டு நிக்கிற தண்டுல நட் வெல்டு பண்ணலாம்.

---

காட்பாடி800

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ரெண்டு கேள்வி. படிகாரக் கரைசல்ல போட்டா அலுமினியத்துக்குள்ள இருக்கிற இரும்பு கரைஞ்சு போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா? ஹெட்டையே போடலாமா? ரெண்டாவது, உள்ளே உடைஞ்ச ஸ்டட், டிரில் ஒதுங்கினது, அதை என்ன பண்றது?

---

பாலாற்றங்கரை

படிகாரம் உண்மைதான். கைக்கடிகாரம் ரிப்பேர் பண்றவங்க பித்தளையில உடைஞ்ச எஃகுத் திருகுக்குப் பயன்படுத்துற பழைய முறை. கரைசலுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. அது இரும்பைத் தின்னும், பித்தளையையும் அலுமினியத்தையும் ஏறக்குறைய விட்டுடும்.

ஆனா உங்க ஹெட்டைப் போடக் கூடாது. வால்வு உட்காருற வளையமும் வால்வு கைடும் இரும்புதான். அதுங்களையும் சேர்த்துத் தின்னும். இந்த முறை தனியாக் கழற்றிக் கையில எடுக்கக்கூடிய சின்ன அலுமினியச் சாமானுக்கு: தெர்மோஸ்டாட் மூடி, கார்புரேட்டர் பாடி, தண்ணி பம்ப் மூடி. டேப் உடைஞ்சு உள்ளே தங்கினா இதைவிட நல்ல வழி வீட்டில் கிடையாது.

நாட்டு மருந்துக் கடையில கட்டிப் படிகாரம் வாங்கி இடிச்சுக்குங்க. லிட்டர் தண்ணிக்கு 200 கிராம். பாத்திரம் மண்சட்டியோ, சூடு தாங்குற கண்ணாடியோ இருக்கணும், இரும்புச் சட்டி வேண்டாம். கொதிக்கிறதுக்குச் சற்று முன்னாடி உள்ள சூட்டிலேயே வெச்சிருக்கணும், ஆறிட்டா வேகம் செத்துடும். இரும்பு மேல பொடிப் பொடியா குமிழி கிளம்பினா வேலை நடக்குதுன்னு அர்த்தம். அது ஹைட்ரஜன், அதனால திறந்த இடத்துல செய்யுங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவை எடுத்து, கறுப்புச் சகதியைப் பழைய பல் துலக்குற பிரஷ்ஷால தேய்ச்சு விடுங்க. சகதி மூடிட்டா கரைசல் இரும்பைத் தொடாது. எம்6 போல்ட் மிச்சத்துக்கு ஒரு முழு நாள் கூட ஆகலாம், கரைசலை இடையில மாத்துங்க. நடுவுல ஒரு துளை போட்டுட்டா நேரம் பாதியாகும். முடிஞ்சதும் ஆப்ப சோடா கலந்த தண்ணியில அலசி, நல்ல தண்ணியில கழுவி, உடனே உலர்த்துங்க. எவர்சில்வர் போல்ட் இதுல கரையாது, அதையும் மனசுல வெச்சுக்குங்க.

---

சிப்காட்_டர்னர்

உள்ளே உடைஞ்ச ஸ்டட்டுக்கு வர்றேன். 2 மி.மீ. ஆழம்தான், அதனால முதல் முயற்சி அதுலயும் வெல்டிங்தான். உருகின எஃகு அலுமினியத்தோட ஒட்டாது, அது நமக்குச் சாதகம். ராடைத் துளை நடுவுல ஊன்றி, சின்னச் சின்னப் பொட்டா வெச்சு, ஸ்டட்டையே மேலே வளர்த்துக்கிட்டு வரணும். சுவரைத் தொடாம நடுவுல மட்டும். ஒவ்வொரு பொட்டுக்கும் மேல படியுற கசடைத் தட்டிச் சுத்தம் பண்ணணும். இல்லைன்னா அடுத்தது பிடிக்காது. மட்டத்துக்கு மேல 2, 3 மி.மீ. வந்ததும் நட் வெச்சு வெல்டு. ஆர்க்ல இதுக்கு நிதானமான கை வேணும். மிக் வெல்டிங் இருக்கிற பட்டறைன்னா சுலபம், கம்பி மெல்லிசு, குறி தப்பாது. காசு கொஞ்சம் கொடுத்தாலும் இந்த ஒண்ணை மட்டும் அங்கே கொண்டு போறது நல்லது. யாரோ போட்ட ஒதுங்கின துளையில முதல்ல உலோகத்தை நிரப்பினாலே பாதி சரியாகும்.

வெல்டிங்ல வரலைன்னாதான் டிரில். இங்கேதான் பெரும்பாலான ஹெட் கெடுது. ஸ்டட் எஃகு, சுத்தி அலுமினியம். பிட் மிருதுவான பக்கத்துக்கு ஓடும். கையில பிடிச்ச டிரில் மெஷின்ல, அதுவும் ஏற்கெனவே ஒதுங்கின துளையில, நடுவுக்குத் திரும்பக் கொண்டு வரவே முடியாது. எவ்வளவு பஞ்ச் அடிச்சாலும் பிட் பழைய துளைக்குத்தான் வழுக்கும்.

மில்லிங் மெஷின் இருக்கிற லேத் பட்டறைக்குக் கொண்டு போங்க. சத்துவாச்சாரி, காட்பாடி, ராணிப்பேட்டை எங்கேயும் விசாரிச்சா கிடைக்கும். அங்கே போய் "போல்ட் எடுத்துக் கொடுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. மேனிஃபோல்ட் முகம் மட்டமா மேலே பார்க்க ஹெட்டைப் பூட்டணும், பக்கத்துல நல்லா இருக்கிற ரெண்டு ஸ்டட் துளையிலிருந்து அளவெடுத்து நடுவைக் கண்டுபிடிக்கணும், முதல் வெட்டு டிரில் பிட் இல்ல, 6 மி.மீ. ஸ்லாட் டிரில் அல்லது எண்ட் மில். அது ஒரு பக்கம் காலியா இருந்தாலும் ஓடாம நேரா இறங்கும். இந்த மூணையும் சொல்லிக் கொடுங்க. கேஸ்கட்டை வெச்சு நடுவைக் குறிச்சா தப்பும், கேஸ்கட் ஓட்டை ஸ்டட்டை விடப் பெரிசு.

மில்லிங் கிடைக்கலைன்னா வழிகாட்டி புஷ் (பிட் ஒதுங்காம பிடிச்சுக்கிற சின்ன எஃகுக் குழாய்). 10 மி.மீ. கனமான எஃகுத் தகடு, நல்ல ரெண்டு ஸ்டட்டுல மாட்டுற மாதிரி ரெண்டு துளை, உடைஞ்ச இடத்துக்கு நேர் மேல ஒரு துளை. அந்தத் துளைக்குள்ள 3.5, 5, 6.5 மி.மீ. உள்விட்டம் வெச்ச மூணு புஷ் கடைசல்ல எடுத்து ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி டிரில் பண்ணலாம். கோபால்ட் பிட் வாங்குங்க, சாதா பிட் பாதியில மழுங்கினா ஸ்டட் முகம் தேய்ஞ்சு கெட்டியாயிடும். இடது பக்கம் வெட்டுற பிட் கிடைச்சா இன்னும் நல்லது. டிரில் பண்ணும்போதே கழற்றுற பக்கம் இழுக்கும், சூடும் சேர்ந்து, பல நேரம் பிட்டோட மிச்சம் வெளியே வந்துடும்.

6.5க்கு மேல போகாதீங்க. எம்8 மரையின் உள்விட்டம் 6.65 மி.மீ. 6.5ல நிறுத்தினா மெல்லிய கூடு மட்டும் மரையில ஒட்டிக்கிட்டு இருக்கும். கூர்மையான பஞ்சால அதோட முதல் சுருளை உள்பக்கம் மடக்கி, மூக்குக் குறடால பிடிச்சு இழுத்தா ஸ்பிரிங் கணக்கா சுருண்டு வரும். பிறகு மண்ணெண்ணெய் விட்டு எம்8 டேப், முதல் டேப்பை லேசா நுழைச்சு, பழைய மரையில சரியா உட்கார்ந்ததை விரலால உணர்ந்த பிறகு திருகுங்க. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயை விட நல்ல எண்ணெய் கிடையாது.

ஏதாவது ஒரு கட்டத்துல டேப்போ ஈஸி அவுட்டோ உடைஞ்சு உள்ளே தங்கிட்டா, அங்கேயே நிறுத்திடுங்க. ஸ்பார்க் எரோஷன் மெஷின் உள்ள டூல் ரூம், மோல்டு செய்கிற இடம் எதுலயும் இருக்கும். சிப்காட்ல விசாரிங்க, இல்லைன்னா அம்பத்தூர். கெட்டியான எஃகை அது தொடாமலேயே பொறியால அரிச்சு எடுக்கும், மரைக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு முன்னாடி உளியால அடிச்சு உடைக்கப் பார்த்த ஹெட்டுன்னா அந்த வேலையும் கஷ்டமாயிடும்.

---

ஆற்காடு_அம்பி

இதே விஷயம்தான், அதனால இங்கேயே கேட்கிறேன். அம்பாசிடர், பழைய 1489 சிசி பெட்ரோல். மேனிஃபோல்ட் நட்டு எல்லாம் ஸ்டட்டோட ஒண்ணாயிடுச்சு, இன்னும் எதுவும் உடையல. ஹெட் வண்டியிலேயே இருக்கு. மேலே சொன்னதெல்லாம் இதுக்கும் பொருந்துமா ஐயா?

---

சிப்காட்_டர்னர்

பாதி பொருந்தாது. உங்க இன்ஜின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வழி வந்தது, பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பும் எஃகும் ஏறக்குறைய ஒரே அளவு விரியும். மொத்தமாச் சூடாக்கினா ஒண்ணும் நடக்காது. இங்கே சூடு நட்டுக்கு மட்டும். கேஸ் வெல்டிங் சின்ன நாசில் போட்டு நட்டை மட்டும் சிவக்கச் சிவக்கக் காட்டி, சிவப்பு அடங்கினதும் மெழுகு, பிறகு ஆறு முனை ஸ்பேனர். ஹெட் வண்டியிலேயே இருக்கிறதால கார்புரேட்டரையும் பெட்ரோல் டியூப்பையும் கழற்றி, டியூப் வாயை அடைச்சு, பேட்டரி கழற்றிட்டுத்தான் ஜ்வாலை. தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்.

துரு இறுக்கம்தானே, இதுக்கு ஊறவைக்கிறது பலன் தரும். கியர் ஆயில் இல்ல, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரி பாதி. ரெண்டும் தானாப் பிரிஞ்சிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விடணும். ஊத்தின அன்னைக்கு நெருப்பு கிட்டயே போகக் கூடாது.

நட் உடைக்கிற கிளாம்ப் கிடைச்சா அதுதான் பெஸ்ட். நட் ரெண்டு ரூபா சாமான், ஸ்டட் உடைஞ்சா நாள் போயிடும். உளியால நட்டின் சப்பைப் பக்கத்தைப் பிளந்து எடுத்தாலும் சரி.

இன்னொரு முக்கியமான விஷயம், மரை. பிஎம்சி இன்ஜின் அங்குல மரை. 5/16 அங்குலம்னா 7.94 மி.மீ., வெர்னியர் வெச்சா எம்8 மாதிரியே தெரியும். ஆனா 5/16 நைஸ் மரை அங்குலத்துக்கு 24, முரட்டு மரை 18; எம்8 கிட்டத்தட்ட 20. எம்8 நட்டு ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் இறுகும், "துரு"ன்னு நினைச்சு இழுத்தா மரை போச்சு. மரை கேஜ் வெச்சுப் பார்த்துட்டுத்தான் புது நட்டும் டேப்பும் வாங்கணும். வண்டியில பின்னாடி வந்த இசுசு 1817 சிசி இன்ஜின் இருந்தா அது மெட்ரிக்.

உடைஞ்சு நட் வெல்டு பண்ற நிலை வந்தா, வார்ப்பிரும்புல வெல்டு ஒட்டிக்கும்ங்கிறதை மறக்காதீங்க. அலுமினியத்துல இருக்கிற சலுகை இங்கே இல்ல. ஸ்டட் மட்டத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா மட்டும் செய்யுங்க. ஒட்டின இடம் கண்ணாடி மாதிரி கெட்டியாயிடும், பிறகு டிரில்லும் இறங்காது.

---

வார்ப்பு_வாலாஜா

எடுத்த பிறகு என்ன பண்ணணும்னு யாரும் சொல்லலையே. அதைச் சரியாச் செய்யலைன்னா அடுத்த வருஷம் அதே ஸ்டட் மறுபடியும் உடையும்.

காட்பாடி தம்பி, உடைஞ்சது ஓரத்து ஸ்டட்டா இருக்கும்னு நினைக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான். மேனிஃபோல்ட் 300 மி.மீ. நீளம்னு வெச்சுக்குவோம். ஓடும்போது அது 500 டிகிரி போனா ஒன்றரை மி.மீ. நீளும். ஹெட் தண்ணி ஓடுற சாமான், 100 டிகிரி சுமாருக்கு அரை மி.மீ. தான் நீளும். ஒரு மி.மீ. வித்தியாசத்தை ஓரத்து ஸ்டட்டுதான் பக்கவாட்டுல தாங்கணும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் அது வளைஞ்சு நிமிருது. அதனால மேனிஃபோல்டை இரும்பு ஸ்கேல் வெச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. 0.2 மி.மீ. பிளேடு நுழைஞ்சாலே சர்ஃபேஸ் கிரைண்டிங் கொடுத்துடுங்க. வளைஞ்ச மேனிஃபோல்டை புது ஸ்டட்டால இழுத்து உட்கார வைக்க முயற்சி பண்ணினா, அதுதான் அடுத்த உடைப்பு. மேனிஃபோல்ட் ஓட்டையில துரு அடைச்சிருந்தா உருட்டு அரத்தால சுத்தம் பண்ணுங்க. ஸ்டட்டைச் சுத்தி அது நகர இடம் இருக்கணும்.

ஒதுங்கின டிரில் அலுமினியத்தை உரசியிருக்குன்னு சொன்னீங்க. டேப் போட்டுப் பார்த்து மரையில முக்கால் பங்கு முழுசா இருந்தா அப்படியே விடலாம். இல்லைன்னா ஹெலிகாயில், அதாவது கெட்ட மரைக்குப் பதிலா உள்ளே போடுற கம்பிச் சுருள். எம்8க்கு 8.3 மி.மீ. டிரில், ஹெலிகாயில் செட்டோட வர்ற தனி டேப், 16 மி.மீ. நீளச் சுருள். ஆழம் இடம் கொடுக்கலைன்னா 12. டிரில் போடும் முன்னாடி ஆழத்தை அளந்து பிட்டுல அடையாளத்துக்கு ஒட்டுற நாடா சுத்திக்குங்க. சில இடத்துல அடியில தண்ணி போற வழி இருக்கும், துளைச்சிட்டா வேலை வேற மாதிரி ஆயிடும். சுருள் மேல்மட்டத்துக்கு அரை மரை கீழே நிக்கணும். அடி வாலை மறக்காம உடைச்சு எடுங்க. சுருள் துருப்பிடிக்காத எஃகு, அலுமினிய மரையை விட அது பலமாவே நிக்கும், சந்தேகம் வேண்டாம். ஆர்கால்டைட் மாதிரி பசை போட்டு மரை கட்டுற வேலை எக்ஸாஸ்ட் பக்கம் நிக்காது.

ஸ்டட் 8.8 தரத்துக்குக் குறையாம வாங்குங்க. ஹெட் பக்கம் செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாம தடுக்கிற பசை) தடவி, கையால முழுக்க ஏத்தி, பிறகு ரெண்டு நட்டு போட்டு 8, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல இறுக்காதீங்க. அடியில முட்டிக்கிட்டு இறுகக் கூடாது. வெளிப் பக்கம் செம்பு நட்டோ பித்தளை நட்டோ போட்டா அடுத்த தடவை நட்டுதான் வழிவிடும், ஸ்டட் தப்பிக்கும். ஆன்டி சீஸ் தடவின மரைக்குப் புத்தகத்துல போட்டிருக்கிற டார்க்கை அப்படியே வைக்காதீங்க, கால் பங்கு குறைக்கணும். வழுக்கலா இருக்கிறதால அதே திருப்பத்துல ஸ்டட் அதிகமா இழுபடும். நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கம், மூணு சுற்றா. வண்டியை ஓட்டி ஆறின பிறகு ஒரு தடவை சரிபாருங்க, கேஸ்கட் அமுங்கியிருக்கும்.

தெர்மோஸ்டாட் பக்கத்துக்கு, பழைய போல்ட் துளையை பிரஷ் போட்டு வெள்ளை மாவு முழுக்க எடுத்துட்டு, மரையில சீலன்ட் தடவிப் போடுங்க. துளை தண்ணிக்குள்ள திறந்திருந்தா ஆன்டி சீஸ் மட்டும் போட்டா கசியும். கூலன்ட்டை டிஸ்டில்டு தண்ணியோட கலந்து ஊத்துங்க, டப்பாவில போட்டிருக்கிற விகிதத்துல. போர் தண்ணி ஒரு சொம்பு கூட வேண்டாம்.

---

காட்பாடி800

ஆமாண்ணா, உடைஞ்ச ரெண்டுமே ஓரத்து ஸ்டட்தான். நாளைக்கு ஸ்கேல் வெச்சு மேனிஃபோல்டைப் பார்க்கிறேன். உள்ளே உடைஞ்சதை மிக் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போறேன், மத்த ரெண்டும் வீட்டிலேயே. கடைசியா ஒண்ணு: ஹெட்டைச் சூடு பண்ணி ஸ்டட் எடுத்தா, சிலிண்டர் பக்கத்து முகம் வளைஞ்சிடாதா?

---

பாலாற்றங்கரை

150 டிகிரிக்கு வளையாது. இன்ஜின் ஓடும்போதே ஹெட்டின் சில இடம் அதைத் தாண்டும். வளையறதுக்குக் காரணம் ஒரு மூலையை மட்டும் சூடாக்கி உடனே தண்ணி ஊத்தி ஆத்துறது. அதைச் செய்யாதீங்க, தானா ஆறட்டும், கோணிச்சாக்கு போட்டு மூடி வெச்சா இன்னும் நல்லது. எப்படியும் ஹெட் வெளியே இருக்கு, மாட்டுறதுக்கு முன்னாடி முகத்துமேல ஸ்கேலை நீளவாக்கில, குறுக்கே, மூலைக்கு மூலை வெச்சு ஃபீலர் விட்டுப் பாருங்க. எங்கேயும் 0.05 மி.மீ. பிளேடு நுழையக் கூடாது. நுழைஞ்சா லேத் பட்டறையில ஹெட் ஃபேசிங் பண்ணிடுங்க, ஆனா எல்லா ஸ்டட்டும் எடுத்து முடிச்ச பிறகுதான்.